ஊமைத் தவளைக்குப் பெயர்

மார்ச் 4

காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பும் ஆப்பிரிக்காவின் சின்ன நாணல் தவளைகளும்தான். எத்தனாலில் ஊறி எல்லாமே வெளிறிக் கிடக்கின்றன. உயிரோடு பச்சையா மஞ்சளா என்பதற்குப் பிடித்த அன்று எடுத்த போட்டோதான் சாட்சி.

உயிரோடு பார்த்தாலும் ஹைபரோலியஸ் என்ற இந்த நாணல் தவளைப் பேரினத்தில் நிறத்தை நம்பிவிட முடியாது. இதில் விரிடிஃப்ளாவஸ் என்ற இனக்கூட்டத்தில் குட்டிகளும் பல ஆண்களும் ஒரு வேஷம், வளர்ந்த பெண்கள் வேறு வேஷம். தவளை ஆய்வாளர் ஷியோட்ஸ் இதை ஜே (குட்டி), எஃப் (பெண்) என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்தார். நிறத்தை வைத்தே பெயர் சூட்டிய காலத்துக் குப்பையை இன்னும் யாரும் கூட்டி முடிக்கவில்லை.

மார்ச் 5

வெர்னியர் அளவுகோல், கண் விட்டம், கால் நீளம். எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 9

நிறம் கைவிட்டால் குரல். ஆண் கூப்பிடுவது தன் இனத்துப் பெண்ணைத்தானே! நாசூட்டஸ் என்ற இன்னொரு இனக்கூட்டம் கண்ணுக்கு ஒரே அச்சு: மெலிந்த, கூர்மூக்குத் தவளைகள். 2013ல் தவளை ஆய்வாளர் சானிங்கின் குழு குரல் பதிவையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து அதில் ஆறு புது இனங்களை விவரித்தது.

என் மேஜையில் இருப்பவையோ முள்தொண்டைக் கூட்டம். இவற்றின் ஆண்கள் கூப்பிடுவதாகவே தெரியவில்லை. குரலுக்குப் பதில் தொண்டையில் பொடிப்பொடி முட்கள். பெண் அதைத் தொட்டு இனம் அறிகிறதோ என்று ஓர் ஊகம் உண்டு. எனக்குப் பிடித்த ஊகம், ஆனால் யாராவது நிரூபிக்க வேண்டும்.

மார்ச் 12

முள்தொண்டைக் கூட்டத்தின் புது இனமான உகாகுருவென்சிஸ் பற்றிய கட்டுரையை மறுபடி படித்தேன். 2019ல் டான்சானியாவின் உகாகுரு மலைக்குப் போனவர்கள் தேடியது சுராமிட்டி மரிடாடி என்ற அரிய மரத்தேரையை. கையில் சிக்கியது இந்த ஊமை. 2023ல் பெயர் வந்தது. இதன் உறவினர்களும் மலைக்காட்டுவாசிகள்தான்: டானெரி இனம் டான்சானியாவின் உசம்பாரா மலையில், ஸ்பினிகுலாரிஸ் மலாவியில், 2015ல் பெயர் பெற்ற உக்விவா டான்சானியாவின் ருபேஹோ மலையில். நடுவிலுள்ள வறண்ட தாழ்நிலத்தை இவை எளிதில் தாண்டுவதில்லை.

“டிஎன்ஏ கொஞ்சம் மாறினாலே புது இனமா?” என்று பக்கத்து மேஜை நண்பர் சீண்டினார். டிஎன்ஏ மட்டும் என்றால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். முள், உடல் அளவு, மரபணு, மலை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் ஏற்கலாம். பெயரில்லாத தவளைக்காக எந்த வனத்துறையும் காட்டை ஒதுக்காது என்பதும் மனதில் ஓடுகிறது.

மார்ச் 13

களத்துக்குப் போகும் ஜூனியருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். முதல் வரி: ஃபார்மலினில் போடுமுன் ஈரலில் துளி வெட்டி எத்தனாலில் வை, ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். இரண்டாவது: தொண்டையை உயிரோடு இருக்கும்போதே போட்டோ எடு.