முகப்பு மட்டும் மிஞ்சும் வீடுகள்

பிரஸ்ஸல்ஸ் நகர மையத்தில் பழைய வீடுகளை அளந்து வரைபடமாக்குவது என் வேலை. லேசர் கருவியை முக்காலியில் நிறுத்தி அறை அறையாக நகர்த்துவோம். பல வீடுகளுக்குள் கடைசியாக நுழைபவர்கள் நாங்கள்தான். அடுத்து வருவது இடிக்கும் ஆட்கள்.

இங்கே முழு வீட்டையும் இடிப்பதில்லை. தெருவைப் பார்த்த சுவரை மட்டும் இரும்புச் சட்டங்களால் தாங்கி நிறுத்திவிட்டு, பின்னால் இருப்பதை வழித்தெடுத்துவிடுவார்கள். அப்படியொரு மனைக்குள் நின்று பார்த்தால் மனசு கனக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில், மூன்றாம் மாடி உயரத்தில், கணப்பு அடுப்பு ஒன்று அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டு ஏறிப்போன தடம் பூச்சில் சாய்கோடாகத் தெரியும். மாடிக்கு ஒரு நிறமாகச் சுவர்க்காகிதம் கிழிந்து தொங்கும்.

காரணம் எளிது. பழைய வீடுகளில் கூரை உயரம் அதிகம்; தளங்களைத் தாழ்த்தினால் கூடுதலாக ஒரு மாடி நுழைத்துவிடலாம். சாயங்காலம் விளக்கு எரியும்போது சில பழைய ஜன்னல்களைக் கவனியுங்கள். நட்டநடுவே கான்கிரீட் தளம் குறுக்கே ஓடும். இதைப் பழமையைப் பாதுகாப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழையதைத் தொடவே கூடாது என்பதல்ல என் கட்சி. இதே நகரின் நடுவிலுள்ள கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தின் வீடுகளே பெரும்பாலும் மறுபடி கட்டியவைதான். 1695இல் பிரெஞ்சு பீரங்கிகள் அந்த இடத்தைச் சிதைத்தன. நகர மன்றக் கோபுரம் நின்றது; சுற்றியிருந்த வீடுகளைக் கைவினைஞர் சங்கங்கள் சில ஆண்டுகளிலேயே எழுப்பிவிட்டன. முகப்பு வரைபடத்துக்கு அனுமதி வாங்கவேண்டும் என்று 1697இல் உத்தரவும் வந்தது. ஆனால் அவர்கள் முகப்போடு நிற்கவில்லை. பின்னால் இருந்ததையும் தாங்கள் புழங்குவதற்காகவே கட்டினார்கள்.

முகப்புகூட மிஞ்சாமல் போன, கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்ட்டாவின் 'மக்கள் இல்லம்' இன்னும் வருத்தம் தருவது. பெல்ஜியத் தொழிலாளர் கட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பி 1899இல் திறந்த கட்டடம். உச்சியில் பெரிய கூட்ட அரங்கு. உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்தும் 1965இல் இடித்து, அங்கே அலுவலகக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். வேறிடத்தில் திரும்பக் கட்டலாம் என்று கழற்றி வைத்த பாகங்கள் சிதறிப்போயின. அவற்றில் சில இரும்பு வேலைப்பாடுகளை இன்று ஹோர்ட்டா டிராம் நிலையத்தில் பார்க்கலாம்.

இப்போது என் அளவைக் கோப்புகளில் படிக்கட்டு, தரை ஓடு, பின்கட்டு மூன்றுக்கும் தனித்தனித் தாள் வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை. சரி, இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் அவற்றைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.