ஆரையால் இரண்டு தரம்

பௌதிகவியல் சேர் காலமான செய்தியோடு, அவரைப் பற்றி மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்திலிருந்து கேட்டார்கள். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஈர்ப்புப் பாடத்தோடு நிற்கிறேன்.

“சனியின்ர திணிவு பூமியைப்போல 95 மடங்கு. இஞ்ச நிக்கிறவன்ர நிறை அங்க எத்தனை மடங்கு?”

முன்வாங்கு முழுக்க 95 என்று கத்தும். கத்தினவர்கள் வாங்கில் ஏறவேண்டும். கணக்கு அதற்குப் பிறகுதான்: மையத்திலிருந்து தூரப்போக ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும், அதனால் திணிவை ஆரையால் இரண்டு தரம் வகுக்கவேண்டும். சனியின் ஆரை பூமியைப்போல 9.45 மடங்கு, வகுக்கச் சுகமாக 9.5 என்பார். 95ஐ அதால் வகுத்தால் 10. மறுபடி வகுத்தால் 1.05. அவ்வளவுதான், பூமியைவிடச் சற்றே கூட. “நிக்கிறதுக்கு அங்க தரையே இல்லை, அது முகில் மட்டத்துக் கணக்கு” என்பதை வாங்கில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தக் கிண்டல் இல்லாமலும் பாடம் விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சந்திரனின் திணிவு பூமியில் 81இல் ஒரு பங்கு, ஆரை 0.27. ஒருதரம் மட்டும் வகுத்தவனுக்கு 22இல் ஒன்று வரும், இரண்டுதரம் வகுத்தவனுக்கு 6இல் ஒன்று. ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு, 1.62 மீற்றர். ஒரு மீற்றர் ஊசல் இங்கே ஓர் அலைவுக்கு 2 செக்கன் எடுக்கும், அங்கே ஏறக்குறைய 4.9. விற்தராசு 60 கிலோ ஆளை 10 என்று காட்டும். இருதட்டுத் தராசோ 60 என்றே சொல்லும், படிக்கற்களும் அதே பங்குக்கு இலேசாகிவிடுவதால். 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்கொட் சுத்தியலையும் இறகையும் அங்கே ஒன்றாக விட, இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. காற்று இல்லாத இடம்.

அவருக்குப் பிடித்த கேள்வி புதனும் செவ்வாயும். செவ்வாயின் திணிவு கிட்டத்தட்ட இருமடங்கு, ஆனால் இரண்டிலும் ஆர்முடுகல் 3.7தான். புதனுக்குப் பெரிய இரும்புக் கரு. ஆரை சிறிது, அதனால் மேற்பரப்பு மையத்துக்குக் கிட்ட.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று பிள்ளைகள் இங்கே, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், படித்துவிட்டு வருகிறார்கள். 400 கிலோமீற்றர் உயரத்திலும் 10இல் 9 பங்கு ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். பூமியின் ஆரை 6,370, அதோடு 400ஐக் கூட்டி வகுத்துப் பார்க்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் பலர் இருந்தோம். அவருடைய மேசைக்குப் போக ஒருவரும் ஊரில் மிஞ்சவில்லை.