திண்ணையில் ஒரு மாணவன்

ஜூலை 5, 2025, சனி

திருவையாறு. ஓய்வுபெற்ற பின் இன்றுதான் மறுபடி ஒரு மாணவன் என் முன்னால் உட்கார்ந்தான். எதிர்வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு. "கணக்குல எல்லாம் நல்லா வாங்குறான் ஐயா, தமிழ்ல சொந்தமா எழுதச் சொன்னா பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுறான்" என்று அவன் அம்மா கொண்டுவந்து விட்டார்.

பள்ளியில் எழுதிய தேர்வுத்தாளை வாங்கிப் பார்த்தேன். கட்டுரை பிழையில்லாமல் இருந்தது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் துணைநூலில் உள்ளபடியே. அதற்கு அடுத்து, 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக'. படத்தில் ஒரு சிறுமி மரக்கன்று நடுகிறாள். இவன் எழுதியிருப்பது: 'இக்காட்சி என் மனத்தைக் கவர்ந்தது. இக்காட்சி மிக அருமையாக உள்ளது.' எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரிகள். சிறுமியும் இல்லை, கன்றும் இல்லை.

பொதுத்தேர்வில் கட்டுரைக்கு 8, கடிதத்துக்கு 5, காட்சிக்கு 5. இந்த 18 மதிப்பெண்ணையும் மனப்பாடத்தில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறான். யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"காலையில எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணினே? அஞ்சு வரி எழுதுடா" என்றேன். இருபது நிமிடத்தில் இரண்டு வரி வந்தது.

ஜூலை 12, சனி

இன்று எழுதச் சொல்லவில்லை, பேசச் சொன்னேன். ஆற்றில் குளிக்கப் போன கதையைக் கை ஆட்டி ஆட்டி அழகாகச் சொன்னான். அதை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே எழுது என்றேன். ஒரு பக்கம் ஓடியது! பிறகு இருவருமாக ஒவ்வொரு வரியாக எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம்.

அங்கேதான் அவன் சிக்கல் தெரிந்தது. பேச்சில் 'ஆத்துல', 'பாத்து', 'காத்து' எல்லாமே ஒரே ஒலி. எழுதும்போது ஆற்றில், பார்த்து, காற்று. இவன் எல்லாவற்றுக்கும் 'ற்று' போட்டு 'பாற்று' என்று எழுதுகிறான். இது கவனக்குறைவு இல்லை, ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறான். அதனால் வேர்ச்சொல்லைத் தேடச் சொன்னேன். பார், சேர், வேர்: 'ர்' இருக்கிறது, ஆகவே பார்த்து, சேர்த்து, வேர்த்து. ஆறு, சோறு, கிணறு: 'று' இருக்கிறது, ஆகவே ஆற்றில், சோற்றில், கிணற்றில்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "பஸ்ஸுக்குக் காத்து நின்னேன்னா எதைப் போடணும் ஐயா?" காத்திருப்பதன் வேர் 'கா'. அதில் ர்-உம் இல்லை, று-வும் இல்லை. 'காத்து' காத்தாகவே இருக்கட்டும் என்றேன். அவன் முகத்தில் வந்த சிரிப்பை வெகுநாள் மறக்க மாட்டேன்.

ஜூலை 19, சனி

பையனுக்குக் காய்ச்சல். வரவில்லை.

ஜூலை 26, சனி

ஒற்று. 'அவனை பார்த்தேன்' என்று எழுதியிருந்தான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படிக்கும்போது 'ப்' தானாக வந்து நின்றது. காது கேட்டதைக் கை எழுதவில்லை, அவ்வளவுதான். ஐ, கு என்ற இரண்டு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று போடு, இன்றைக்கு இது போதும் என்றேன். உடனே உற்சாகத்தில் 'வந்துப் பார்த்தான்' என்று போட்டுவிட்டான். 'எடுத்துக் கொடுத்தான்' என்பதில் மிகும், 'வந்து பார்த்தான்' என்பதில் மிகாது. ஏன் என்பதை அடுத்த வாரங்களில் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் எழுதவே பயந்துவிடுவான்.

அவன் போன பிறகு மனம் கனத்தது. வகுப்பில் 45 பேர். 45 கட்டுரை நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, பிழையைச் சுழித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். சுழித்த இடத்தில் பிள்ளை என்ன நினைத்து எழுதினான் என்று ஒருவனிடமாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேனா? எத்தனை 'பாற்று'களைச் சும்மா சுழித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை ஆடிப்பெருக்கு. பாடம் வைக்கவில்லை. புஷ்ய மண்டபத் துறைக்குப் போ, எதையும் எழுதாதே, ஐந்து விஷயங்களை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். தம்பி இழுத்த சப்பரம் மண்ணில் சாய்ந்தது, ஈரப் படியில் யாரோ வைத்த காப்பரிசியைக் காக்கை கொத்தியது, எல்லாம் இருந்தன. ஒற்றுப் பிழை ஒன்பது. 'இக்காட்சி' ஓர் இடத்தில்கூட இல்லை.

ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்: 'பாட்டி விட்ட காதோலை கருகமணி சுழலில் ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் போனது.'

'போனது' என்பதைச் 'சென்றது' என்று திருத்தினேன், பழக்க தோஷம். பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஐயா, பாட்டி அதைப் பாத்து 'போயிட்டு வா'ன்னு சொன்னாங்க. அதான் போனதுன்னு எழுதினேன்."

என் திருத்தத்தை அடித்துவிட்டு, மேலே அவன் சொல்லையே எழுதினேன்.

அடுத்த வாரம் கடிதம். மதுரையில் இருக்கும் மாமாவுக்கு எழுதப்போகிறான். திங்கட்கிழமை தபால் ஆபீசில் இரண்டு இன்லேண்ட் லெட்டர் வாங்க வேண்டும், ஒன்று பிழையாகிவிட்டால் இன்னொன்று.