ஏற்காட்டுக் கற்கோடரியும் மாட்டுக் கணக்கும்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, பகோடா பாயின்டில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் தேடிப் போனது ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் உள்ள ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக்கல்லை. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர்தான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவர். சேர்வராயன் மலையில் வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளையும் சேகரித்தார். அவற்றைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிடும் வழக்கம் இந்த மலையில் இருந்தது.

கோடரி செய்தவர்களுக்கு எழுத்து இல்லை. அதற்கு அவசியமும் வந்திருக்காது. நாலைந்து குடிசைகள் உள்ள ஊரில் யார் மாடு எது என்பது எல்லாருக்கும் தெரியும். கடன்காரன் முகம் தினமும் கண்ணில் படும்.

இன்றைய ஈராக்கில் இருந்த ஊருக் நகரத்தில் கதை வேறு. கி.மு. 3300 வாக்கில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள். கோயில் களஞ்சியத்தில் வாற்கோதுமையும் ஆடும் பீரும் வரவு செலவாகும்; முன்பின் தெரியாதவர்களுக்குக் கூலி அளக்க வேண்டும். முதலில் சின்னச் சின்னக் களிமண் வில்லைகளை வைத்து எண்ணினார்கள். பிறகு அவற்றைக் களிமண் உருண்டைக்குள் மூடி முத்திரை குத்தினார்கள். உடைக்காமலே உள்ளிருப்பது தெரிய, வெளியிலும் குறி அழுத்தினார்கள். வெளியே குறி இருந்தால் உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகையானது. எழுத்து இப்படித்தான் பிறந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. காப்பியமெல்லாம் பல நூற்றாண்டு கழித்துத்தான். மளிகைக்கடைப் பற்று நோட்டுதான் முதலில்.

இதை எல்லா ஊருக்கும் பொதுவிதி ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. சீனாவில் நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்து, ஷாங் வம்ச அரசர்கள் வருங்காலம் அறியக் குறி கேட்ட எலும்பிலும் ஆமை ஓட்டிலும் இருக்கிறது. தென் அமெரிக்காவின் இன்காக்களோ எழுத்தே இல்லாமல் கயிற்று முடிச்சை வைத்தே பேரரசு நடத்தினார்கள்.

சரி, மலையிறங்கி சேலம் அரசு அருங்காட்சியகம். (நடுவில் தட்டுவடை செட். அதற்குத் தனிப் பதிவே போடலாம்.) இங்கே எனக்குப் பிடித்தவை, சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள். தர்மபுரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான் என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊருக் பலகையில் கால்நடைக்குத் தலைக்கணக்கு. இங்கே அதற்காகச் செத்தவனுக்குப் பெயர். 2006இல் தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி (வட்டெழுத்துக்கும் முந்தைய எழுத்து) நடுகல்லும் ஓர் ஆகோள் பூசலை, அதாவது மாடு கவரும் சண்டையைத்தான் சொல்கிறது.

அடுத்து ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் போக வேண்டும். பானை ஓட்டில் பெயர் கீறி வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கல்லில் வெட்டக் கல்தச்சன் வேண்டும். பானையில் கீற ஓர் ஆணி போதும். சேலம் அருங்காட்சியகம் போகிறவர்கள் வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.