எம்பி குதிப்பு காலுக்கு வந்த கதை

பிளாக் பெல்ட் டெஸ்டுக்குத் தயாராகும்போது ஷோட்டோகான் கராத்தே படிக்கிற பலருக்கும் தலைவலி கொடுப்பது 'எம்பி' என்கிற கட்டாவின் (எதிராளி இருப்பதாக நினைத்துத் தனியாகச் செய்கிற அசைவுத் தொடர்) கடைசிக் குதிப்புதான். மொத்தம் 37 அசைவுகள். படபடவென்று ஓடிவந்து மூச்சு வாங்குகிற நேரத்தில், எதிராளியைத் தூக்கி எறிகிற பாவனையில் எகிறி, காற்றிலேயே 360 டிகிரி சுற்றி, ஷுட்டோ உக்கே என்கிற கத்திக்கைத் தடுப்போடு, கோக்குட்சு டாச்சி என்கிற நிலையில் இறங்க வேண்டும். அதாவது உடல் எடையில் 70 சதவீதம் பின்காலில். கியாய் என்கிற உரத்த கத்தலும் அங்கே போட வேண்டும்.

கிருஷ்ணகிரியில் எங்கள் வகுப்பு நடப்பது சிமெண்ட் தரையில். அதில் தினமும் குதித்தால் முட்டி என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. காய் இறக்கி முடித்து, மழைக்கு உழவு ஓட்டியிருந்தார். மரங்களுக்கு நடுவே பொலபொலவென்று செம்மண். நான் அங்கே போக ஆரம்பித்தேன்.

மாஸ்டர் முதலில் குதிக்கவே விடவில்லை. "இறங்கத் தெரியாம ஏறக் கூடாது" என்பார். மோட்டார் ரூம் திண்ணை முழங்கால் உயரம்கூட இருக்காது. அதிலிருந்து சும்மா இறங்கி, முன்பாதம் முதலில் பட, முட்டி மடங்கி, நேராக கோக்குட்சுவில் உட்கார வேண்டும். 'தொம்' என்று சத்தம் கேட்டால் திரும்ப ஏறு. சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் தாண்டிப் போனவர்கள்தான் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அப்புறம் ஹெயான் கோடான் என்கிற இன்னொரு கட்டாவின் குதிப்பு. காலுக்கு வரும் கம்பைத் தாண்டுவதாக நினைத்து இரண்டு முட்டியையும் மார்புக்கு இழுக்கிற பழக்கம் அதில் வந்துவிடும்.

முழுச் சுற்றுக்கு வந்தபோதுதான் மண் பேச ஆரம்பித்தது. சிமெண்டில் இறங்கினால் சரியாகச் சுற்றிவிட்டோம் என்றுதான் தோன்றும். உழுத மண்ணில் அந்த ஏமாற்று நடக்காது. என் பின்காலின் தடத்தைப் பார்த்தால், குதிகால் இருந்த இடத்தில் பிறை போல ஒரு கீறல். காற்றில் முக்கால் சுற்றுதான் ஆகியிருக்கிறது, மிச்சத்தை நிலத்தில் காலைத் தேய்த்து முடித்திருக்கிறேன். வீடியோவில்கூட அது தெரியவில்லை.

கீறலைப் போக்க உயரம் உதவவில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பார்த்ததிலிருந்து வகுப்புப் பையன்கள் எல்லாருக்கும் உயரமாக எகிற வேண்டும் என்ற ஆசை. என்னைக் கேட்டால் அது இரண்டாம் பட்சம். கால் தரையை விட்டபின் புதிதாகச் சுழற்சி சேர்க்க வழியே இல்லை. கிளம்பும்போதே இடுப்பு திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். மேலே போனதும் கைகளை உடம்போடு ஒட்டினால் அதே சுழற்சி வேகமெடுக்கும். தலையும் முக்கியம். மோட்டார் ரூம் கதவில் கண்ணை வைத்து, கிளம்பியதும் சட்டென்று கழுத்தைத் திருப்பி, உடம்புக்கு முன்னால் கண் அந்தக் கதவைப் பிடித்துவிட வேண்டும். இது பழகப் பழக கீறல் குட்டையாகி, ஒருநாள் வெறும் பாதத் தடம் மட்டும் பதிந்தது. அன்றைக்கு அந்தத் தடத்தைக் கலைக்க மனசே வரவில்லை.

பொலபொல மண்ணில் ஒரு சங்கடமும் உண்டு. எகிறும்போது கால் புதைந்து பாதி பலத்தை மண் தின்றுவிடும். கோபமாக வரும். ஆனால் திரும்ப சிமெண்டுக்குப் போனபோது உடம்பு காற்றாக எழும்பியது.

டெஸ்ட் முடிந்தது, பெல்ட்டும் வந்தது. இப்போது மாஸ்டர் உன்சு என்கிற அடுத்த கட்டாவை ஆரம்பித்திருக்கிறார். அதில் சுழன்று குதித்து, காற்றிலேயே உதைத்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி விழ வேண்டும். மறுபடி உழவு ஓட்டச் சொல்லி சித்தப்பாவிடம் கேட்டேன். "நீ மிதிச்சு மிதிச்சு களத்து மேடாட்டம் ஆக்கி வச்சிருக்க. மழை வரட்டும், பாப்போம்" என்கிறார்.