ஞாயிறு, மாலை ஆறரை

ஜனவரி 9, 2024, செவ்வாய்

துண்டுச் சீட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று வரிகள்: ஓர் எண், திருச்சியில் குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஓர் இடம், ஞாயிறு மாலை 6.30. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன். கோமதி பார்த்திருப்பாள். கேட்கவில்லை.

ஜனவரி 10, புதன்

பன்னிரண்டு மணி. மதுக்கடை திறக்கும் நேரம் வயிற்றுக்குத் தெரிகிறது.

ஜனவரி 11, வியாழன்

இன்று இரண்டு கிரயப் பத்திரங்கள், ஒரு தான செட்டில்மெண்ட். தை பிறந்ததும் கூட்டம் அதிகமாகும்.

எல்லாம் கணினியில்தான் அடிக்கிறோம். ஆனால் கடைசிப் பக்கத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்தையும் உரிம எண்ணையும் பேனாவால்தான் போட வேண்டும். பழைய நகல் ஒன்றை எடுத்து இன்றைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன். கடைசிச் சுழி முன்பெல்லாம் ஒரே இழுப்பில் முடியும். இப்போது அது மூன்று இடத்தில் உடைந்து, எறும்பு ஊர்ந்த தடம் போல இருக்கிறது. வாங்குபவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் பெயரை எழுதுகிறேன். இன்னாரின் குமாரர், இன்ன தெரு, இன்ன கதவிலக்கம். "நல்ல நினைவுடனும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதிக்கொடுத்த" என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். போன வருடம் அந்த வரியை எழுதிய பல நாட்களில் எனக்கு நல்ல நினைவு இருந்ததில்லை. அதை நினைத்தால் இரவில் தூக்கம் போய்விடுகிறது. பத்திரத்தில் பிழை இல்லை, சரிபார்த்தேன். ஆனாலும்.

திருச்சியில் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

ஜனவரி 13, சனி

எண்ணை அழுத்தினேன். எடுத்ததும் வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினேன்.

வயதான குரல். "சொல்லுங்கள் ஐயா" என்றார். எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி: "பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமா?"

"பதிவேடே கிடையாது ஐயா. கட்டணமும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்று இருந்தால் போதும்."

"பெயர்?"

"உங்கள் பெயரை மட்டும் சொல்லலாம். அப்பா பெயர், ஊர் எதுவும் வேண்டாம். பேசப் பிடிக்கவில்லையென்றால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்."

அப்பா பெயர் வேண்டாம் என்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா பெயரைத்தான் நான் இந்த ஊரில் இழுத்து வந்து தெருவில் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று அம்மாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

3.40 பஸ். தஞ்சாவூரில் மாறி, ஆறு மணிக்கு முன்பே திருச்சி. இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு பள்ளிக்கூடம், பக்கவாட்டுக் கதவு, வெளியே ஒரு மஞ்சள் பல்பு. எதிரே டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெல்மெட்டோடு ஒருவர் போனார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டபடி ஒரு பையன், இருபத்தைந்துகூட இருக்காது. வாசலில் செருப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன. பதினோரு ஜோடி எண்ணினேன். ஒன்றின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. சாலையைக் கடக்க எட்டு அடி. ஏழு மணிவரை நின்றேன். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது.

திரும்பும்போது தஞ்சாவூரில் இறங்கினேன். மீதியை எழுதப் போவதில்லை.

ஜனவரி 22, திங்கள்

நானே டாக்டரிடம் போனேன். இரண்டு நாளில் நிறுத்திக்காட்டுகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்கும், சிலருக்கு வலிப்பு வரும், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம், இது வீம்புக்குச் செய்கிற காரியமில்லை என்றார். படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை, வைட்டமின் ஊசி. தினமும் வந்து காட்ட வேண்டும். மாத்திரை கோமதி கையில்.

அவள் அதை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 24, புதன்

நாளை வள்ளலார் நினைவு நாள், மறுநாள் குடியரசு நாள். இரண்டு நாளும் கடை இல்லை. மாலையில் அந்தப் பக்கமாக வந்தேன். வரிசை சாலைவரை வந்துவிட்டது. இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். போன வருடம் இப்படிக் கடை இல்லாத நாளுக்கு முன் நானும் வரிசையில்தான் நின்றேன். பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர், மாட்டுக் கொட்டகை ஓட்டில் ஒன்று.

வீட்டுக்கு வந்து கோமதியைக் கூட்டிப்போய் இரண்டு இடத்தையும் காட்டினேன். பத்தாயத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை. ஓட்டில் ஒன்று இருந்தது. எனக்கே மறந்துபோன ஒன்று. அவள் வாங்கிக் கொல்லையில் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசனை!

ஜனவரி 25, வியாழன்

வியர்வை. அலுவலகமும் விடுமுறை. கைக்கு வேலை இல்லை.

ஜனவரி 26, வெள்ளி

தூங்கினேன். நான்கு மணி நேரம்.

ஜனவரி 28, ஞாயிறு

போனேன்.

ஜனவரி 29, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மேசையில் இடித்தது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு வரைதான் தெரிந்தது. மீதியை யாரோ கையால் துடைத்திருந்தார்கள்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். முகம் முதலில் பிடிபடவில்லை, அவர் நிலத்தின் நான்கெல்லைதான் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பத்திரம் எழுதியவன் நான். "குடும்ப அவசியச் செலவுகளுக்காக" என்று வழக்கம்போல எழுதினேன். பதிவு நாளில் எங்கள் இருவர் வாயிலும் ஒரே வாசனை. என்னைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். அவர் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். எல்லோரும் வணக்கம் என்றார்கள். "நான் ஒரு" என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கினார்.

முடிந்ததும் டீ. தொலைபேசியில் பேசிய பெரியவர், வேட்டி கட்டியவர்தான் அவர், என் கை டம்ளரோடு ஆடுவதைப் பார்த்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இந்தக் கூட்டம் தொடங்கிய கதையைச் சொன்னார். அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர். 1935 ஜூன் 10. கத்தி பிடிக்க வேண்டும், கை நிற்கவில்லை. கை நிற்பதற்காகக் காலையில் ஒரு பீர் குடித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனார். அதுதான் அவர் கடைசியாகக் குடித்தது. அந்த நாளிலிருந்துதான் இந்தக் கூட்டத்தின் கணக்கு. 1950இல் சாகும்வரை தொடவில்லை. "டம்ளரை இரண்டு கையாலும் பிடியுங்கள் ஐயா, வெட்கமில்லை" என்றார்.

இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்

குடிநோயாளி. வீணான தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். கையெழுத்து பரவாயில்லை. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கொல்லையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

பிப்ரவரி 1, வியாழன்

வாய்க்கால் பங்கு பற்றி அண்ணன் தம்பிக்குள் தகராறு, பாதிப் பத்திரத்தில் சண்டை. சமாதானம் செய்து முடித்தபோது மணி ஒன்று. பன்னிரண்டைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

மாத்திரை முந்தாநாளோடு முடிந்தது. இன்று காலையிலிருந்து எரிச்சல். கோமதியிடம் சோற்றுக்காகக் கத்திவிட்டேன். அவள் திருப்பிக் கத்தினாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. இத்தனை நாள் அவள் கத்தாமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்திருக்கிறது. கால் இரண்டும் தானாகக் கடைத்தெருப் பக்கம் போகின்றன. திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "பத்து மணி ஆகட்டும், கடை மூடிவிடும். அதுவரை பேசிக்கொண்டிருப்போம்" என்றார். பேசினோம். அவர் பேரனின் கணக்குப் பாடம் பற்றி.

பிப்ரவரி 4, ஞாயிறு

3.40 பஸ். கோமதி தஞ்சாவூர்வரை வருகிறேன் என்கிறாள்.