மரத்தின் வடிவத்தைச் சாதனத்திடம் விடாதீர்கள்

ஹேஷ் என்பது ஒரு கோப்பிலிருந்து கணக்கிடும் குறுகிய அடையாள மதிப்பு. மர ஹேஷில் கோப்பை இலைகள் எனும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மதிப்பையும் கணக்கிட்டு, அவற்றைத் தாய்க்கணுக்களில் சேர்த்துக்கொண்டே போய், உச்சியில் வேர் எனும் ஒரே மதிப்புக்கு வருகிறோம். ஒரு கோப்பை மைக்ரோகண்ட்ரோலர் எனும் சின்னஞ்சிறு கணினிச் சிப் ஹேஷ் செய்தாலும் சர்வர் செய்தாலும் ஒரே விடைதான் வரவேண்டும். செயலியில் இணையாக வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோப்பை வெட்டினால் நான்கு கோரில் ஒரு விடை, எட்டு கோரில் இன்னொன்று. இலையின் அளவும் கிளைகளின் எண்ணிக்கையும் வரையறையிலேயே இறுகியிருக்க வேண்டும். கணக்கிடும் வரிசை மட்டும் சாதனத்தின் விருப்பம்.

பிளேக்3 என்ற ஹேஷ் முறையில் இலை 1024 பைட், தாய்க்கணுவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் செயலி வசதிகளில், ஏஆர்எம் செயலிகளின் நியான் நான்கு இலைகளையும் இன்டெல் வகைச் செயலிகளின் ஏவிஎக்ஸ்2 எட்டு இலைகளையும் சேர்த்தே ஓட்டும். காங்காரூட்வெல்வ் என்ற இன்னொரு ஹேஷ் முறையில் இலை 8192 பைட். இலைகளின் மதிப்புகள் எல்லாம் நேரே கடைசிக் கணுவுக்குள் போகின்றன. கோப்பு எவ்வளவு நீண்டாலும் இடைக் கணக்கை வைத்திருக்கும் 200 பைட் நிலைகள் இரண்டு போதும். ரேம் குறைந்த சிப்புக்கு இது பெரிய வரம். ஆனால் 1 ஜிபி கோப்பில் ஒரு துண்டை மட்டும் சரிபார்க்க மற்ற இலைகளின் மதிப்புகளும் தேவை, சுமார் 4 எம்பி. இரட்டைக் கிளை மரத்தில் அதே வேலைக்கு 32 பைட் மதிப்புகள் 20, அதாவது 640 பைட். துண்டு துண்டாக இறக்கிச் சரிபார்ப்பதற்கு நான் இரட்டை மரத்தையே எடுப்பேன்.

அதற்கு விலை, ஸ்டாக்: இன்னும் இணையாமல் காத்திருக்கும் மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகம். 2-இன் 64-ஆம் அடுக்கு பைட் வரை தாங்க 54 மதிப்புகள், 1728 பைட் வேண்டும். 2 கேபி ரேமில் அதை வைத்தால் மற்றவற்றுக்கு இடம் போதாது. ஹேஷ் செய்யும் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் பதியும் மென்பொருள்) 64 கேபியைத் தாண்டாது என்றால் ஆறு மதிப்புகள், 192 பைட் போதும். அதைவிட நீண்ட உள்ளீட்டை மறுத்துவிடுங்கள். இல்லையேல் ஸ்டாக் பக்கத்து நினைவகத்தை அழித்துவிடும்.

பலரும் தவறுவது இங்கேதான்: 1024-ஆவது பைட் வந்ததும் இலையை முடித்துவிடுவது. கோப்பே அதோடு முடிந்தால் அந்த இலைதான் வேர். இதுதான் வேர் என்று குறிக்கும் கொடியை ஏற்ற அப்போது வழியிருக்காது. அடுத்த பைட் வரும்வரை காத்திருங்கள்.

இலை, தாய், வேர் மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் கட்டாயம். இலைக்கும் தாய்க்கும் வேறுபாடு இல்லாவிட்டால், இரண்டு பிள்ளை மதிப்புகளை ஒட்டிய 64 பைட்டே இன்னொரு கோப்பாகி அதே ஹேஷைத் தரும். ஒற்றைப்படையில் மிஞ்சும் கணுவை இரட்டிப்பதும் ஆபத்து. 2012-இல் பிட்காயினில் வெளிப்பட்ட ஓட்டை அதுதான்: பரிவர்த்தனைகளின் தொகுப்பான பிளாக்கில் சிலவற்றை இரட்டித்தாலும் அதே வேர் வந்தது. மிஞ்சிய கணுவை அப்படியே மேலே ஏற்றுங்கள்.

சோதனைக்கு 0, 1, 64, 65, 1023, 1024, 1025, 2048, 2049, 3073 பைட் நீளங்கள். ஒவ்வொன்றையும் ஒரே மூச்சிலும், ஒவ்வொரு பைட்டாகவும் ஊட்டிப் பாருங்கள்.